கால் தொங்கினால் கை எழுதாது

பள்ளிகளிலிருந்து எனக்கு வரும் குறிப்புகளில் அடிக்கடி பார்க்கும் வரி: 'எழுத மறுக்கிறான், கவனம் இல்லை.' அப்படியொரு குறிப்போடு வந்த எட்டு வயதுப் பையனை வகுப்புக்கே போய்ப் பார்த்தேன். மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தை: மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காது. எல்லோருக்கும் போட்ட அதே பெஞ்சில்தான் அவனும் உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் தரையைத் தொடாமல் தொங்கின. இடது கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் முட்டி வெளுத்துப்போகும் அளவுக்கு. வலது கையில் பென்சில். மற்ற பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். இவன் விழாமல் இருந்தான். அந்தப் பாடவேளை முழுக்க அவன் பார்த்த வேலை அதுதான்.

நம்பிக்கை வராவிட்டால் செய்து பாருங்கள். உயரமான ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, நான்கு வரி எழுதுங்கள். எழுத்து எப்படி வருகிறது, இரண்டாவது வரியில் உங்கள் கவனம் எங்கே போகிறது என்று பாருங்கள். இத்தனைக்கும் உங்கள் தசைகள் உங்கள் சொல் கேட்பவை.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; உட்காருவது, சாப்பிடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்ய உதவுகிறவள்/உதவுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனுக்கு அன்று நான் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. ஒரு மரப்பெட்டியைக் காலுக்கு அடியில் தள்ளினேன். முதுகுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் கெட்டியான மெத்தைத் துண்டு ஒன்றைச் செருகினேன்.

உட்கார வைப்பதை இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். பலர் தலையிலிருந்து தொடங்குகிறார்கள். தலை சாய்கிறது என்று கழுத்துக்குத் தலையணை வைப்பார்கள், தோளைப் பிடித்து நிமிர்த்துவார்கள், இரண்டு நிமிடத்தில் பிள்ளை மறுபடி சரிந்துவிடும். அடியில் இடுப்பு வழுக்கிக்கொண்டிருக்கும்போது மேலே எதைப் பிடித்தும் பயனில்லை. புட்டம் இருக்கையின் பின்பக்கம் வரை போய் ஒட்ட வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். இருக்கை அதைவிட ஆழமாக இருந்தால் பிள்ளை முன்னால் சறுக்கத்தான் செய்யும். பாதம் முழுதாக எதன்மேலாவது பதிய வேண்டும். மேசை முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும். பெல்ட் போடுவதாக இருந்தால் தொடையும் இடுப்பும் மடியும் இடத்தில் போடுங்கள். வயிற்றில் கட்டிய பெல்ட், பிள்ளை சறுக்கும்போது மேலே ஏறி மார்பை அழுத்தும். கழுத்து வரை போனால் ஆபத்து.

இதையெல்லாம் செய்தால் பிள்ளை படித்துவிடுமா என்று கேட்பார்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து இருக்கும். மீதிப் பாதிக்கு இல்லை. வாயில் எச்சில் ஒழுகுவதையும் பேச்சு குழறுவதையும் வைத்து யார் எந்தப் பாதி என்று சொல்லிவிட முடியாது. நான்கில் ஒருவருக்குப் பேச்சே வருவதில்லை. அவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டு நாம் மூன்று விநாடிகூடப் பொறுப்பதில்லை. அந்தக் குழந்தை கேள்வியைக் கேட்டு, பதிலை யோசித்து, கண்ணையோ கையையோ அந்தப் பக்கம் நகர்த்துவதற்குள் அம்மாவோ ஆசிரியரோ பதிலைச் சொல்லி முடித்திருப்பார்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எண்ணும்போது அதன் கண்ணைப் பாருங்கள். இரண்டு படங்களைத் தள்ளித் தள்ளி வைத்து, எது வேண்டும் என்று கேட்டால், கை எட்டாத பிள்ளையும் பார்வையால் காட்டிவிடும். படத்தைக் காட்டிப் பேசும் படப் பலகை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அப்படி ஆவதில்லை.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நின்றுகொண்டு மேலிருந்து கரண்டியை நீட்டினாலும் தலை பின்னால் சாயும். சாய்ந்த தலையோடு விழுங்கினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். இருமல் வந்தால் தெரிந்துவிடும். சில குழந்தைகளுக்கு இருமல்கூட வராது, அதுதான் பயம். அடிக்கடி நெஞ்சில் சளி, சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது, ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மணி நேரம் இழுப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் விழுங்குவதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊட்டுகிறவர் பிள்ளைக்கு எதிரே, அதன் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். தாடை லேசாகக் கீழே இறங்கியிருக்கட்டும்.

அப்புறம், இடுப்பு எக்ஸ்ரே. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை, ஆனால் இறுகிய தசைகள் வளரும் எலும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகலாம், பல நேரம் வலியே இல்லாமல். தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் இந்தக் குழந்தைகள் அனைவரையும் ஒழுங்காக எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்தார்கள். முழுதாக மூட்டு விலகுவதையே அங்கே ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். விலகிய பிறகு பெரிய அறுவைதான் வழி. உட்காருவதே வலி என்றான பிறகு எந்தப் பாடம் தலையில் ஏறும்?

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் ஒவ்வொரு அம்மாவிடமும் பத்துப் பன்னிரண்டு பயிற்சிகள் எழுதிய தாளைக் கொடுத்தனுப்புவேன். ஒருநாள் ஒரு அம்மா அந்தத் தாளை மடித்து என்னிடமே நீட்டினார். "இதைச் செய்தால் அவளோடு விளையாட நேரமில்லை. எதை விடட்டும், நீங்களே சொல்லுங்கள்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இப்போது தாள் கொடுப்பதில்லை. குளிக்க வைக்கும்போது, சட்டை போடும்போது, என்று எப்படியும் நடக்கிற வேலைக்குள் ஒன்றோ இரண்டோ சொல்லித் தருகிறேன். சட்டைக்குள் கையை நாம் நுழைக்காமல் பிள்ளையே நீட்டும்வரை காத்திருப்பது, அவ்வளவுதான். காலைப் பரபரப்பில் அதுவும் முடியாத நாள் இருக்கும். சரி, அன்றைக்கு வேண்டாம்.

அந்தப் பெஞ்சுப் பையனுக்கு வருகிறேன். பெட்டியில் பாதம் பதிந்து ஐந்து நிமிடம் இருக்கும், இடது கை மேசையை விட்டது. தாளைப் பிடிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். அது நேராகப் போய்ப் பக்கத்துப் பையனின் ரப்பரைப் பிடுங்கியது. அடுத்த மாதம் பள்ளியிலிருந்து வந்த குறிப்பில் 'வகுப்பில் சேட்டை செய்கிறான்' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.