அலுவலகக் காற்றில் கலக்கும் வாசனை

ஞாயிற்றுக்கிழமை மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை, திங்கட்கிழமை மதியத்துக்குள் நெஞ்சு இறுகி இருமல் வந்துவிடுகிறது என்று சொல்லும் ஆஸ்துமா நோயாளியிடம், மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன்பாக அவர் வேலை பார்க்கும் அறையைப் பற்றி விசாரிப்பது நுரையீரல் மருத்துவர்களான எங்கள் வழக்கம். சன்னல் திறக்காத ஏ.சி. அறை, சுவரில் தானாகவே பீய்ச்சும் ரூம் ஃப்ரெஷ்னர், காலையில் ஃபினாயில், சாமி படத்துக்கு ஊதுபத்தி, படிக்கட்டில் யாரோ பிடிக்கும் சிகரெட் என்று பதில் வரும். வழக்கமான ஸ்பிளிட் ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறதே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

புகைக்குச் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும், தனியார் அலுவலகங்கள் உள்ளிட்ட பணியிடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்கின்றன. விமான நிலையங்கள், 30 அறைகளாவது உள்ள விடுதிகள், 30 பேராவது அமரக்கூடிய உணவகங்கள் ஆகியவற்றில் மட்டுமே புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்கலாம் என்பதால், சாதாரண அலுவலகத்தில் அப்படியோர் அறையை அமைக்கச் சட்டத்தில் இடமில்லை.

வாசனைக்கு அப்படியொரு சட்டம் இல்லாததால், பாதிக்கப்பட்டவரின் பேச்சு எடுபடுவதில்லை. ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மனப்பிரமை என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். வாசனைப் பொருட்கள் பெரும்பாலும் ஒவ்வாமையாக அன்றி, ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயை நேரடியாக உறுத்தியே இழுப்பை உண்டாக்குகின்றன. அது தோல் பரிசோதனையில் அகப்படாது. எலுமிச்சை மணத்துக்காகச் சேர்க்கப்படும் லிமோனீன், காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து, மூச்சுக்குழாயை உறுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவை உருவாக்குவதும் உண்டு.

இந்தப் பேச்சை எடுத்தாலே, மல்லிகைப்பூ வைக்கக்கூடாதா என்ற கேள்வி எழும். கேட்பவர்கள் மீது தவறில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) 2009இல் தன் அலுவலகங்களுக்கு வகுத்த விதி, ரூம் ஃப்ரெஷ்னர், ஊதுபத்தி, வாசனை மெழுகுவத்தி, கழிப்பறை வாசனைக் கட்டி ஆகியவற்றைத் தடை செய்துவிட்டு, ஊழியர்கள் இயன்றவரை வாசனை பூசாமல் வரும்படி கேட்டுக்கொண்டது. இந்த வரிசைதான் சரி என்பது என் கருத்து. அலுவலகம் தன் பணத்தில் வாங்கும் வாசனையை நிறுத்த யாருடைய மனத்தையும் புண்படுத்த வேண்டியதில்லை. நிர்வாகத்தின் ஓர் உத்தரவே போதும்.

நிர்வாகத்திடம் பேசப் போகும் நோயாளிகள், மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டரில் வேலை நாட்களிலும் விடுமுறை நாட்களிலும், நாளுக்கு நான்கு முறையாவது, சில வாரங்கள் ஊதிக் குறித்த அட்டவணையை மருத்துவர் கடிதத்துடன் கொண்டுசெல்வது நல்லது.