புயலுக்கு முன் சுகாதாரத் துறை என்ன செய்ய வேண்டும், நாம் என்ன கேட்கலாம்?

அக்டோபர் பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவில் பேச்செல்லாம் மழையைப் பற்றித்தான். வடிகால் வாய்க்கால் தூர்வாரியாச்சா, படகை மேட்டில் ஏற்றியாச்சா, மணல் மூட்டை வந்ததா என்று ஊரே விசாரிக்கும். ஆரம்ப சுகாதார நிலையம் தயாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான், கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் திட்டம் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது பிரிவு 31. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், மாவட்டத்தின் தலைமை மருத்துவ அலுவலர் பதவி வழி உறுப்பினர். மாவட்ட அளவிலான துறை அலுவலகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்களுக்கெனத் தனித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று பிரிவு 32 சொல்கிறது. நிவாரண முகாமில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்வது பிரிவு 12. ஆக, முகாமில் நல்ல தண்ணீரும் டாக்டரும் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

சரி, களத்தில் என்ன நடக்க வேண்டும்? முதல் வேலை கர்ப்பிணிகள் பட்டியல். கர்ப்பம் பதிவானதுமே தாய்க்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. பிரசவத் தேதி கிராம சுகாதார செவிலியரின் கையில் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும், தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, தென்னையும் மின்கம்பமும் சாலையெங்கும் குறுக்கே கிடந்தன. அந்த நிலையில் வலி எடுத்தால் 108 வண்டி எப்படி வரும்? தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணின் பெயர் பெரும்பாலும் புகுந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கும். இப்படிப்பட்டவர்கள்தான் விடுபட்டுப் போவார்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் செவிலியரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் பெயர்களும் செவிலியரின் அதே பட்டியலில் ஏற வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஊரைத் தண்ணீர் சூழ்ந்தால் வராது. எச்சரிக்கை வருவதற்கு முன்பே அடுத்த தவணையைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். என்னைக் கேட்டால், புயலுக்குப் பிந்தைய நோய்களில் பாதியை இங்கேயே தடுத்துவிடலாம். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீரும் நின்றுபோகும். பிறகு குளமும் வெள்ளத்தில் மூழ்கிய அடிபம்பும்தான் கதி. அதனால் மேல்நிலைத் தொட்டியை முன்பே கழுவி, நிரப்பி, குளோரின் கலந்து வைக்க வேண்டும். பம்புக்கு ஜெனரேட்டர் எங்கிருந்து வரும் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. தெருக்கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, சுகாதார ஆய்வாளர் சோதனை மருந்தைச் சொட்டு விடுவார். மஞ்சள் தட்டினால் குளோரின் இருக்கிறது. எவ்வளவு என்பதை நிற அட்டையோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். சாதாரண நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், வயிற்றுப்போக்கு பரவும் காலத்தில் 0.5. தொட்டியடியில் பார்த்தால் போதாது, கடைசி வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டை பிரித்தபடியே ஈரத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும், கலந்தும் பயனில்லை.

இங்கே புயல் காலமும் சம்பா நடவு, களையெடுப்பும் ஒன்றாகவே வருகின்றன. சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். வெள்ளத்தில் பாம்பும் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி முறிவு மருந்தும், எலிக்காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளினும், வயிற்றுப்போக்குக்கான ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசல் பொட்டலமும் மழைக்கு முன்பே இருப்பில் இருக்க வேண்டும். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதால் அங்கேயும் ஜெனரேட்டரும் டீசலும் கட்டாயம். கஜாவுக்குப் பின் சில கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு வாரம், பத்து நாளில் டெங்குக் கொசு பெருகும் என்பதால் கொசு ஒழிப்புக்கு ஆட்களையும் இப்போதே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்க நல்ல இடம் அக்டோபர் 2 கிராம சபை, விட்டால் நவம்பர் 1. கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி உண்டு. அது எதற்குச் செலவானது என்று கேளுங்கள். பட்டியல், குளோரின், மருந்து இருப்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண், 104 மருத்துவ ஆலோசனை எண். இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்ததும் எடுக்க முடியாது.