தளும்பாமல் வரவேண்டிய மைனஸ் 162 டிகிரி

வீட்டு சிலிண்டரில் இருக்கும் எல்பிஜியை அழுத்தினாலே திரவமாகிவிடும். எல்என்ஜி, அதாவது திரவமாக்கிய இயற்கை வாயு, அப்படிப் பணியாது. அது பெரும்பாலும் மீத்தேன். மைனஸ் 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை, எவ்வளவு அழுத்தினாலும் மீத்தேன் திரவமாகாது. அதனால் மைனஸ் 162 டிகிரிவரை குளிரவைத்து, ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்தத்திலேயே கப்பலில் ஏற்றுகிறார்கள். 600 கன மீட்டர் வாயு 1 கன மீட்டருக்குள் அடங்கிவிடும்.

கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து குஜராத்தின் தஹேஜுக்கு 2004 முதல் எல்என்ஜி வருகிறது. முதலில் ஓடிய ‘திஷா’ கப்பலின் கொள்ளளவு சுமார் 1,38,000 கன மீட்டர். வளைகுடா வெயிலில் வரும் இப்படியொரு கப்பலில் சரக்கைக் குளிரூட்டிக்கொண்டே இருக்க எந்திரம் எதுவும் தேவையில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. மண்பானையில் கசிந்து ஆவியாகும் நீர், உள்ளே மிச்சமிருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறதல்லவா? இங்கும் அதே வேலைதான். காப்பு உறையைத் தாண்டி நுழையும் வெப்பத்தில் திரவம் கொஞ்சம் கொதிக்கிறது. போகிற ஆவி அந்த வெப்பத்தையும் கொண்டுபோய்விடுகிறது. நாளொன்றுக்கு 0.15 சதவீதம் ஆவியாகிறது என்று வைத்தால், சுமார் 200 கன மீட்டர் திரவம்! ஆவியைத் தொட்டிக்குள் பூட்டிவைத்தால் அழுத்தம் ஏறும். எனவே அதையே எரிபொருளாக்கிக் கப்பலை ஓட்டுகிறார்கள்.

பயணத் திட்டத்தின் உயிர்நாடி இதுதான். கப்பல் மெதுவாகப் போனால் ஆவி மிஞ்சும். அதைப் பயனில்லாமல் எரித்துத் தீர்க்க நேரும், மறுபடி திரவமாக்கும் வசதி எல்லாக் கப்பல்களிலும் இல்லை. வேகம் கூடினால் ஆவி போதாது, எண்ணெயும் செலவாகும். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வெளியே காத்து நின்றாலோ, நிற்கிற ஒவ்வொரு நாளும் சரக்கு கரையும். அதனால் இறக்கும் துறையில் இடம் என்றைக்குக் காலியாகும் என்று தெரிந்துகொண்டே வேகத்தை முடிவு செய்கிறார்கள்.

எவ்வளவு ஏற்றுவது என்பது அடுத்த கணக்கு. நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே பாதுகாப்பு விதி. மெம்பிரேன் வகைத் தொட்டிகளின் உட்சுவர் மெல்லிய உலோகத் தகடு. அவற்றில் ஒரு வகைத் தொட்டியில் அந்தத் தகடு 0.7 மில்லிமீட்டர் தடிமனே உள்ள, குளிரில் அநேகமாகச் சுருங்காத இன்வார் என்ற நிக்கல்-இரும்புக் கலவை. பாதி நிரம்பிய தொட்டியில் அலை எழுந்து மோதினால் அந்தச் சுவரும் பின்னாலுள்ள காப்பு உறையும் சேதமாகலாம். ஆகவே நடுக்கடலில் தொட்டி ஏறக்குறைய 70 சதவீத உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது அடியில் கொஞ்சமாக இருக்க வேண்டும். ஒரே சரக்கை இரண்டு துறைமுகங்களில் பிரித்து இறக்குவது இதனால்தான் சிக்கல். திரும்பும்போதும் தொட்டியை முழுக்கத் துடைத்துவிடுவதில்லை. அடியில் விட்டுவைத்ததைத் தெளித்துத் தெளித்துத் தொட்டியைக் குளிராகவே வைத்திருப்பார்கள். சூடேறிவிட்டால், அடுத்த சரக்கை ஏற்றுமுன் பொறுமையாகக் குளிரவைப்பதிலேயே பல மணி நேரம் போய்விடும்.

குளிரை அலட்சியப்படுத்தியதன் விலை பெரிது. 1944-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் எல்என்ஜி தொட்டி உடைந்து தீப்பிடித்ததில் 130 பேர் மாண்டார்கள். அந்தக் குளிரில் நொறுங்கக்கூடிய, நிக்கல் குறைந்த எஃகில் அந்தத் தொட்டி செய்யப்பட்டிருந்தது. இன்று கரையிலுள்ள தொட்டிகளுக்கு 9 சதவீத நிக்கல் எஃகு. ஆனால் கப்பலின் உடல் சாதாரண எஃகுதான். அதனால் ஏற்றி இறக்கும்போது, உறைபனி வெள்ளையாகப் படிந்த குழாய்களுக்குக் கீழே, கப்பலின் பக்கச் சுவரில் கடல்நீர் திரைபோல வழிந்துகொண்டே இருக்கும். ஒரு சொட்டு எல்என்ஜி சிந்தினாலும், எஃகைத் தொடுமுன் அந்தத் தண்ணீரில் விழுந்து ஆவியாகிவிட வேண்டும்.