மோட்டாரை மாற்றியும் மின்கட்டணம் ஏன் குறையவில்லை?

தொழிற்சாலைக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி மோட்டார்களுக்குத்தான் போகிறது. அதனால் சிக்கனம் என்று பேச்சு எடுத்ததுமே, பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு உயர்திறன் மோட்டாரைப் போடச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

மோட்டாரின் செயல்திறனை ஐ.இ. என்ற சர்வதேசத் தர வரிசையில் சொல்வார்கள்; எண் கூடினால் திறனும் கூடும். 7.5 கிலோவாட், 4 துருவ மோட்டாருக்கு ஐ.இ.1 தரத்தில் செயல்திறன் 86 சதவீதம், ஐ.இ.3 தரத்தில் 90.4. வைண்டிங்கில் (கம்பிச்சுருளில்) செம்பைக் கூட்டி, தரமான சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கி, சுழலும் பாகமான ரோட்டாரின் மின்தடையைக் குறைத்துத்தான் இந்த 4.4 புள்ளிகளைச் சம்பாதிக்கிறார்கள். ரோட்டாரின் தடை குறைந்தால் ஸ்லிப்பும் (சுழலும் காந்தப்புலத்துக்கு ரோட்டார் பின்தங்கும் அளவு) குறையும். அதாவது, நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடிய இடத்தில் புது மோட்டார் 1,460 சுற்று ஓடக்கூடும். அந்த மோட்டார் காற்றைத் தள்ளும் ப்ளோயரை ஓட்டினால், அதற்குத் தேவையான சக்தியோ வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறும். வெறும் 20 சுற்று கூடியதற்கே சுமை 4 சதவீதம் ஏறிவிடுகிறது. செயல்திறனில் வந்த லாபம் கிட்டத்தட்ட அங்கேயே கரைந்துபோகிறது. பதிலுக்குக் கிடைப்பது யாரும் கேட்காத கொஞ்சம் கூடுதல் காற்று. பெல்ட்டில் ஓடும் ப்ளோயர் என்றால் புல்லியின் அளவை மாற்றிப் பழைய வேகத்துக்கே கொண்டுவந்துவிடலாம். மோட்டாரை மாற்றுபவர்கள் பலர் இதைச் செய்வதில்லை.

சரி, இதே மும்மடிக் கணக்கை நமக்குச் சாதகமாகத் திருப்ப முடியாதா? முடியும். பெரிய மிச்சமே அங்கேதான். தண்ணீர் அதிகமாக வருகிறது என்று பம்பின் வால்வைத் திருகிக் குறைக்கும்போது மோட்டார் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. அது கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு வால்விலேயே வீணாகிறது. வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. என்ற மின்கருவியை வைத்து வேகத்தை 80 சதவீதமாக்கினால் தேவைப்படும் சக்தி பாதியளவுக்கு இறங்கும். எந்த உயர்திறன் மோட்டாராலும் இதைத் தர முடியாது.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. உயரமான தொட்டிக்கு ஏற்றும் பம்பில் வேகத்தை ஓரளவுக்கு மேல் குறைத்தால் தண்ணீரே ஏறாது. பொருட்களை நகர்த்தும் கன்வேயரில் சக்தி வேகத்தின் விகிதத்தில்தான் குறையும். எப்போதும் முழு வேகத்தில் ஓட வேண்டிய மோட்டாருக்கு வி.எஃப்.டி. தண்டச்செலவு. அதுவும் தன் பங்குக்குச் சில சதவீத மின்சாரத்தை வெப்பமாக்கி வீணாக்கிவிடும்.

எதைச் செய்வதற்கும் முன்னால் அளக்க வேண்டும். கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பாதி ஆம்பியர் காட்டினால் பாதிச் சுமை என்று நினைப்பது பெரிய ஏமாற்று. மோட்டார் வெறுமனே சுற்றும்போதுகூட காந்தப்புலத்தை உண்டாக்குவதற்கென்றே கணிசமான மின்னோட்டத்தை இழுக்கும். சுமை என்னவென்று தெரிய கிலோவாட் காட்டும் பவர் மீட்டர்தான் வேண்டும்.