மூன்றாவது சிலிண்டரின் சூடு

பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனில் ரேடியேட்டர் கிடையாது. 1950இல் வெறும் 25 குதிரைத்திறனோடு ஜெர்மனியில் பிறந்த வண்டி. பிறகு அதே அமைப்பில் இன்ஜின் 1,584 சிசி வரை வளர்ந்தது. அப்போதும் அதைக் குளிர வைத்தவை காற்றும் இரண்டரை லிட்டர் ஆயிலும்தான்.

சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக உலோக வரிகள் இருக்கும், மோட்டார் சைக்கிளில் பார்ப்பதுபோல. ஆனால் பைக்குக்கு எதிர்க்காற்று கிடைக்கும். இந்த இன்ஜினோ வேனின் பின்பக்கம் பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறது. அதனால் டைனமோவின் தண்டிலேயே ஒரு விசிறியைப் பொருத்தி, பெல்ட்டால் சுழற்றுகிறார்கள். அது உறிஞ்சும் காற்றைத் தகரக் கூடுகள் வழிநடத்தி நான்கு சிலிண்டர்கள் மேலும் இறக்குகின்றன. சூடான காற்று வண்டிக்கு அடியில் வெளியேறும். இன்ஜினைச் சுற்றியுள்ள தகரமும் ரப்பர் பட்டையும் மேலே உள்ள குளிர்காற்றையும் கீழே உள்ள சூட்டையும் பிரித்து வைக்கின்றன. அந்த ரப்பர் கிழிந்தால், வெளியே போன சூட்டையே விசிறி மறுபடி உறிஞ்சும். இவ்வளவு மலிவான ரப்பரைப் பலர் மாற்றாமல் விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, நான்கில் அதிகம் சூடாகும் மூன்றாவது சிலிண்டருக்கு வருவோம். பழைய அமைப்பில், ஆயிலைக் குளிர வைக்கும் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, இந்தச் சிலிண்டருக்கு நேர் மேலே நிற்கும். ஆயிலின் சூட்டை வாங்கிய காற்றுதான் இதற்கு வந்து சேரும், அதுவும் குறைவாக. 1971 மாடலில் கூலரைத் தனிக் கூட்டுக்கு நகர்த்தி, அதன் சூட்டைத் தனி வழியில் வெளியேற்றினார்கள். பழைய இன்ஜின் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய மிக நல்ல மாற்றம் இதுதான் என்பேன்.

சூடு முதலில் கடிப்பது, எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வை. வால்வ் மூடி, தன் இருக்கையான சீட்டில் அழுந்தி உட்காரும் அந்தக் கணத்தில்தான் அதன் சூட்டில் பெரும்பகுதி சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டுக்குப் போகிறது. நாளடைவில் வால்வ் நீண்டும் சீட் தேய்ந்தும் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி, குறையும். இடைவெளி இல்லாமலே போனால் வால்வ் முழுதாக மூடாது; சூட்டுக்குப் போக வழியில்லை. வால்வ் கருகி, ஒருநாள் அதன் தலை முறிந்து பிஸ்டன்மேல் விழும். ஆகவே லேசான டக் டக் சத்தம் நல்ல செய்தி; சத்தம் அடங்கிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 0.15 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இந்த இடைவெளியைப் பாருங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்ப்பது உத்தமம். அப்படியே ஆயிலையும் மாற்றிவிடுங்கள். இந்த இன்ஜினில் வெறும் கம்பி வலைதான்; காகித ஃபில்டர் கிடையாது.

ஓட்டும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. மேட்டில் டாப் கியரிலேயே திணறவிட்டால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், விசிறியும் மெதுவாகச் சுற்றும், சுமை மட்டும் கூடும். கியரைக் குறைத்தால் சத்தம் கூடினாலும் காற்று நிறைய வரும்.

பவரைக் கூட்ட நினைப்பவர்கள் 90.5 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டு 1,776 சிசி ஆக்குவார்கள். அதற்கு இன்ஜினின் உடலான கேஸையும் ஹெட்டையும் லேத்தில் கடைய வேண்டும். கடையாமலே நுழையும் 88 மில்லிமீட்டர் சிலிண்டரும் கிடைக்கும். சுவர் மெலிந்தது, சூட்டில் கோணிப் போகும்; அதை வாங்காதீர்கள். அதிகப் பெட்ரோல் எரிந்தால் அதிகச் சூடு. எனவே கூடுதல் ஆயில் கூலரையும் ஃபில்டரையும் முதலில் போட்டுவிட்டு, அப்புறம் பிஸ்டனுக்குப் போங்கள். சிலிண்டருக்கு அடியில் இருக்கும் தகரங்கள் அழகில்லாதவை என்று கழற்றி எறிவதும் உண்டு. வரிகளை ஒட்டிக் காற்றைச் சுற்றவைப்பவையே அவைதான்.

வழியில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தால் பேட்டரிதானே என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். டைனமோவும் விசிறியும் ஒரே தண்டில். பெல்ட் அறுந்திருந்தால் காற்றும் நின்றிருக்கும். ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்பேர் பெல்ட்டை எடுங்கள்.