கேரம் போர்டும் ஒரு காவல்தான்

வடசென்னை என்றாலே கத்தி, ரவுடி என்று சினிமா பழக்கிவிட்டது. அதே வடசென்னையில், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் விடிவதற்கு முன் போய்ப் பாருங்கள். ஏலக் குரல், ஐஸ் வண்டி, டீக்கடை, அன்னக்கூடையோடு வரும் பெண்கள் என்று இடமே விழித்திருக்கும். கொஞ்சம் தள்ளி, ஒரு பக்கம் ரயில்வே சுவரும் மறுபக்கம் குடோன் சுவருமாக நீளும் சந்தில் இரவு ஒன்பது மணிக்கே கால் தயங்கும். ஜனங்கள் அதே ஜனங்கள்தான், இடத்தின் அமைப்புதான் வேறு.

செயின் பறிக்க வருபவன் சட்டென்று ஒரு கணக்குப் போடுகிறான். யாராவது பார்ப்பார்களா, பார்த்தால் கேட்பார்களா, ஓட வழி இருக்கிறதா? கட்டடத்தையும் தெருவையும் திட்டமிடும்போதே இந்தக் கணக்கைக் குலைத்துவிடலாம் என்ற யோசனைக்கு 1971இல் அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் சி. ரே ஜெஃப்ரி பெயர் சூட்டி, புத்தகமும் எழுதினார். அடுத்த வருடமே கட்டடக் கலைஞர் ஆஸ்கார் நியூமன், நியூயார்க்கில் எதிரெதிரே இருந்த இரண்டு அரசுக் குடியிருப்புகளை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்கள். பதின்மூன்று, பதினான்கு மாடி உயர்ந்து நின்றதில் குற்றம் அதிகம், தாழ்வான கட்டடங்களில் குறைவு. அவர் முடிவுகளைப் பின்னால் பலர் குடைந்து கேள்வி கேட்டார்கள். ஆனாலும் அடிப்படை நம் ஹவுசிங் போர்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். ஒரு படிக்கட்டில் எட்டு வீடு என்றால் புது முகம் ஏறியதுமே "யாருப்பா, யார் வேணும்?" என்று குரல் வரும். எண்பது வீடு என்றால் விருந்தாளி யார், வேண்டாத ஆள் யார் என்று எவருக்கும் தெரியாது.

விளக்கு விஷயம் இன்னும் சுவாரசியம். 2016இல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கூடுதல் விளக்கு வைத்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. அதற்காகக் கண் கூசும் எல்இடியை மாட்டினால் போதாது. பளிச்சென்ற வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்குப் பக்கத்து நிழல் இன்னும் கருப்பாகத் தெரியும், அங்கே நிற்பவன் தெரியமாட்டான். மிதமான வெளிச்சம் சீராகப் பரவினால்தான் எதிரே வருபவர் முகம் தெரியும். தூங்குமூஞ்சி மரத்துக்கு மேலே கம்பம் நட்டால் வெளிச்சம் இலைக்குத்தான் விழும், தரைக்கு வராது. கம்பத்தைத் தாழ்த்தலாம், இல்லையென்றால் கிளையைக் கழிக்கலாம்.

மதில் சுவரும் அப்படித்தான். ஆளுயரச் சுவர் திருடனைத் தடுக்கும் என்று நம்புகிறோம். ஏறிக் குதித்துவிட்டால் அதே சுவர் அவனை மறைத்தும் விடும். பள்ளிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் இடுப்பளவு சுவர், மேலே கம்பி என்பதே நல்லது.

சரி, இங்கே தடுத்தால் அடுத்த தெருவுக்குப் போகமாட்டானா? இப்படிப்பட்ட முயற்சிகளில் 102ஐ அலசிய 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, குற்றம் இடம் மாறியது ஏறத்தாழ கால்வாசித் தடவைதான் என்றது. கிட்டத்தட்ட அதே அளவு தடவை பக்கத்துத் தெருக்களிலும் குறைந்திருந்தது.

கேமராவை நான் கடைசியில்தான் வைப்பேன். அது பதிவு செய்யும், குரல் கொடுக்காது. குரல் கொடுப்பவர் இஸ்திரி வண்டிக்காரர், இட்லிக்கடை அக்கா, தெருமுனையில் கேரம் ஆடும் பையன்கள். சந்தேகக் கேஸ் என்று அந்தப் பையன்களைத்தான் ரோந்து வண்டி முதலில் விரட்டுகிறது. அவர்கள் கலைந்த பிறகு அந்த முனையில் பார்க்க யாரும் இருப்பதில்லை.