புகையிலையைக் கைவிட இலவச சிகிச்சை: நோயாளி நழுவிப் போகும் இடங்கள்

மருத்துவர்களும் செவிலியர்களும் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். 2016-17இல் இந்தியா முழுக்க எடுத்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, அதற்கு முந்தைய ஓராண்டில் மருத்துவரிடம் போன புகைப்பவர்களில் 48.8 சதவீதம் பேருக்குத்தான் 'விட்டுவிடுங்கள்' என்று சொல்லப்பட்டது. மெல்லும் புகையிலை பயன்படுத்துவோரில் 31.7 சதவீதம். சொல்வதற்கே பஞ்சம் என்றால், சொன்ன பிறகு எங்கே போவது, என்ன மருந்து என்று விளக்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-08இல் தொடங்கியது. அதன் கீழ் மாவட்ட அளவில் புகையிலை நிறுத்த மையங்கள் உண்டு. ஆலோசனையும் மருந்தும் இலவசம். பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மையம் வைக்க 2018இல் நெறிமுறை வந்தது. பின்னணி இவ்வளவு போதும்.

வருமான வரம்பு, காப்பீட்டு அட்டை எதுவும் இதற்குத் தேவையில்லை. புற்றுநோயோ காசநோயோ வந்த பிறகுதான் வர வேண்டும் என்பதும் இல்லை. ஆனாலும் ஆள் வாசலிலேயே தவறிவிடுகிறார். காரணம் நாம் கேட்கும் கேள்வி. 'புகை பிடிப்பீங்களா?' என்று கேட்டால், வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மா 'இல்லை' என்பார். ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலையை வாயில் அடக்கும் இளைஞரும் 'இல்லை' என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். 'பீடி, சிகரெட், வெற்றிலைப் புகையிலை, ஹான்ஸ் மாதிரி ஏதாவது உண்டா?' என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெண்களிடம் உறவினர் முன்னால் கேட்க வேண்டாம்.

அடுத்த சிக்கல் அறை தேடி அலைவது. மையம் ஓரிடத்தில் பல் பிரிவில் இருக்கும், இன்னோரிடத்தில் மனநலப் பிரிவில், வேறோரிடத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பார்க்கும் தொற்றாநோய் அறையில். பலகை இருக்காது. விசாரித்தால் குடிநோய் வார்டுக்குக் கை காட்டுவார்கள். அங்கே போனவர் 'நான் குடிக்கிறதில்லையே' என்று கூசித் திரும்பிவிடுவார். அவருக்கு அன்றைய கூலியும் போயிற்று. ஆகவே அனுப்புவதற்கு முன் ஒரு போன் போடுங்கள்: எந்த அறை, எந்தக் கிழமை, எத்தனை மணி வரை, யாரைப் பார்ப்பது. இத்தனையும் ஓ.பி. சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். 'முதலில் நிறுத்திவிட்டு வா' என்று எங்காவது திருப்பி அனுப்பினால் அது விதி அல்ல. நிறுத்த முடியாதவருக்காகத்தான் மையமே.

பிறகு 'ஸ்டாக் இல்லை'. நிக்கோட்டின் மாற்று மருந்து (புகையிலை ஏக்கத்தைத் தணிக்க நிக்கோட்டினை மட்டும் தரும் கம் போன்றவை) 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மருந்து கேட்டு இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போடும்போது இதை எழுத்தில் குறிப்பிடுங்கள்; வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே 'இல்லை' வரும். அதுவரை காத்திருக்க முடியாதவர் 2 மி.கி. நிக்கோட்டின் கம்மை (மெல்லும் மருந்தை) மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கலாம்.

கம்மைக் கையில் கொடுத்துவிட்டு அனுப்பினால் பணமும் மருந்தும் வீண். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியோ முதல் புகையிலையோ தேவைப்படுபவருக்கு 4 மி.கி.; மற்றவர்களுக்கு 2 மி.கி. முதல் 6 வாரம் 1-2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2-4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4-8 மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளில் 24ஐத் தாண்டக் கூடாது. ஆனால் நம்மிடம் நடப்பது நேர்மாறு: நாளுக்கு இரண்டு மூன்று போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்கிறார்கள். முதல் வாரங்களில் 9க்குக் குறையாமல் போட்டால்தான் பலன் தெரியும்.

மெல்லும் விதமும் முக்கியம். சுருக்கென்று காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். பபிள்கம் போல விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று தூக்கிப் போடுபவர்களில் பலரின் கதை இதுதான். போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, எலுமிச்சை ஜூஸ், குளிர்பானம் கூடாது. அமிலம் நிக்கோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். முதல் கம்மை உங்கள் முன்னாலேயே போடச் சொல்லிப் பாருங்கள்.

மையம் தூரமாக இருந்தால் புகையிலையைக் கைவிட ஆலோசனை தரும் தேசிய உதவி எண் 1800-11-2356. கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள், காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை. எண்ணை எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோர் பேச மாட்டார்கள். உங்கள் அறையிலிருந்தே நோயாளியின் போனில் பேச வையுங்கள். அவர்கள் பின்னர் திரும்ப அழைப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். தெரியாத எண் என்றால் கடன்காரர் என்று பயந்து எடுக்காதவர்கள் உண்டு. 011-22901701க்கு மிஸ்டு கால் கொடுத்தால் புகையிலையைக் கைவிட உதவும் குறுஞ்செய்தி வரும். படிக்கத் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை.

மருந்துச் சீட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பீடிப் புகையில் உள்ள பொருட்கள் தியோஃபிலின் (மூச்சிரைப்பு மருந்து), குளோசபின், ஓலன்சபின் (மனநல மருந்துகள்) ஆகியவற்றைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும். மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் எடுப்பவர், பீடியை விட்ட வாரத்தில் படபடப்பு, வாந்தி என்று வந்தால், 'பீடியை விட்டதால் வந்த தொல்லை' என்று சொல்லி அனுப்பிவிடாமல் மருந்தின் அளவைப் பாருங்கள். வலிப்பு வந்தவருக்கு, புகையிலையை நிறுத்தக் கொடுக்கும் புப்ரோபியான் மாத்திரை கூடாது. இ-சிகரெட்டுக்கு மாறலாமா என்று கேட்பவரிடம் 2019 முதல் அதன் விற்பனைக்கே தடை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நிறுத்தும் தேதியை நோயாளியே சொல்லட்டும். இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். முதல் மூன்று நாள்தான் கடுமை; எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் 2-4 வாரத்தில் தணியும்; பசி இன்னும் சில வாரம் நீடிக்கலாம். அதனால் அடுத்த வருகையை ஒரு மாதம் தள்ளாமல் அந்த முதல் வாரத்துக்குள்ளேயே கொடுங்கள். காசநோய் மருந்துக்கு வந்துபோகிறவரிடம் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அவருக்குத் தனி நாள் ஒதுக்க வேண்டியதே இல்லை. மறுபடி தொடங்கிவிட்டேன் என்று தலைகுனிந்து வருபவரிடம், எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது முதல் பீடி பற்றியது, அன்று எத்தனை கம் போட்டார் என்று கேட்டு, சீட்டில் புதுத் தேதி எழுதுங்கள்.